வல்கன் எஸ்-ஆ, சூப்பர் மீட்டியோர் 650-ஆ? மூன்று மாதமாக முடிவெடுக்க முடியவில்லை

தொடுவானம்

வணக்கம். எனக்கு 46 வயது, உயரம் 165 செ.மீ. பதினோரு வருடமாக ஒரே 150 சிசி வண்டிதான். அது என்னை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 80-ஐத் தொட்டாலே கைப்பிடி அதிர்கிறது, லாரியைத் தாண்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. இனிமேல் நிதானமாக, காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டும் க்ரூஸர் ஒன்றை வாங்கி, அதையே பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

கடைசியில் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. கவாசாகி வல்கன் எஸ், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650. இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரட்டைச் சிலிண்டர். ஒன்று 649 சிசி, மற்றது 648. காகிதத்தில் பார்த்தால் வல்கன்தான் பலசாலி: 61 பி.எஸ். (குதிரைத்திறன்), மீட்டியோருக்கு 47. இருக்கை உயரமும் வல்கனில் 705 மி.மீ. தான், மீட்டியோரில் 740. எடையிலும் மீட்டியோர் 241 கிலோ, வல்கன் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்படிப் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனாலும் மீட்டியோரில் உட்கார்ந்து இறங்கியதிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது.

தினமும் அலுவலகத்துக்குப் போக 12 கி.மீ., வர 12. மாதத்தில் இரண்டு ஞாயிறு 250 முதல் 300 கி.மீ. எப்போதாவது மனைவி பின்னால் வருவார். நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை என்பதால் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஓட்டியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நெடுந்தூரன்

வல்கன் எஸ் வைத்திருக்கிறேன், ஐந்தாவது வருடம். என் பேச்சில் சாய்வு இருக்கும், அதை மனதில் வைத்தே படியுங்கள்.

அந்த 14 பி.எஸ். வித்தியாசம் நகரத்துக்குள் தெரியாது. 90-இல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு நீளமான வண்டி, எதிரே கொஞ்சம் இடம் கிடைக்கிறது, அப்போதுதான் தெரியும். கியரைக் குறைக்காமலே தாண்டிவிடலாம். இந்த எஞ்சினின் வேர் நிஞ்ஜா 650-இல் இருக்கிறது. க்ரூஸருக்காக ஃபிளைவீலை (எஞ்சின் சுழற்சியைச் சீராக வைக்கும் சக்கரம்) கனமாக்கி, கீழ்ச்சுற்றில் இழுவை கூடும்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் சுபாவம் மாறவில்லை. நிமிடத்துக்கு 6,600 சுற்றில்தான் முழு டார்க், அதாவது இழுக்கும் முறுக்குவிசை, வருகிறது. மேலே போகப் போக உற்சாகம் கூடும்.

உங்கள் உயரத்துக்கு இன்னொரு முக்கியமான விஷயம். வல்கனில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று இடங்களில் பொருத்தலாம், நடுவிலிருந்து முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரு அங்குலம். ஹேண்டில்பாரும் இருக்கையும்கூடக் குட்டையானவர், நெட்டையானவர் என்று தனித்தனி அளவில் உண்டு. எர்கோ ஃபிட் என்பார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டி நடு அளவில்தான் இருக்கும். அதில் உட்கார்ந்து "கால் எட்டவில்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.


வெண்சிறகு

மீட்டியோர் 650, இரண்டு வருடம், பெரும்பாலும் நீண்ட பயணம்.

> மனம் அதையே சுற்றி வருகிறது

எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் மனம் சொல்வதற்குக் கீழே ஒரு காரணமும் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். என் விஷயத்தில் எஞ்சினின் தாளம்தான் காரணம். 60, 70-இல் ஆறாவது கியரில் போட்டுவிட்டு அப்படியே போய்க்கொண்டிருக்கலாம். வேகமாகப் போகச் சொல்லி வண்டி நம்மை உந்தாது.

பி.எஸ். குறைவு என்பது உண்மைதான். 120-க்கு மேலே அவசரமாகத் தாண்டும் பழக்கம் உள்ளவர் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.


இரட்டைச்சிலிண்டர்

அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். இந்த இரண்டு வண்டிக்கும் நடுவே இருக்கும் உண்மையான வேறுபாடு அதுதான்.

வல்கனின் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 180 டிகிரி. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். ஆகவே ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 180 டிகிரி, பிறகு 540 டிகிரி நீண்ட இடைவெளி, மறுபடி 180. மீட்டியோரின் கிராங்க் 270 டிகிரி. அதில் இடைவெளி 270, 450 என்று வரும். 90 டிகிரி வி-ட்வின் எஞ்சினில் வருவதும் இதே இடைவெளிதான். அதனால்தான் சிலிண்டர்கள் நேராக நின்றாலும் சைலன்சரிலிருந்து வரும் துடிப்பு வி-ட்வின் போலக் காதில் விழுகிறது. இரண்டு எஞ்சினிலும் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. எனவே அதிர்வுக்குப் பயந்து எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

டார்க் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்டியோரின் 52.3 நியூட்டன் மீட்டர் 5,650 சுற்றில் வருகிறது. வல்கன் அதைவிடப் பத்து அதிகம் தரும், ஆனால் ஆயிரம் சுற்று மேலே போய். உங்கள் கை எந்தச் சுற்றில் அதிக நேரம் இருக்கும் என்பதைப் பொறுத்தது இது. 150 சிசி வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டியவர் திருகி ஓட்டிப் பழகியிருப்பார். அப்படியென்றால் வல்கன் உங்களுக்கு உடனே கைவரும். மீட்டியோரில் சீக்கிரமே கியர் மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு: வல்கனில் ரேடியேட்டர், கூலண்ட், பம்ப் உண்டு. மீட்டியோர் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது. வால்வு கிளியரன்ஸைச் (வால்வு இடைவெளியை) சரிசெய்வதைப் பொறுத்தவரை மீட்டியோரில் திருகு, நட்டு முறை; கருவியும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வல்கனில் ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும், அதற்கு வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். இரண்டிலுமே செயின்தான், பெல்ட் இல்லை. க்ரூஸர் என்றால் பெல்ட் இருக்கும் என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பதே இல்லை.


கார்முகில்

நான் 155 செ.மீ. உயரமுள்ள பெண். ஏழு வருடமாக க்ரூஸர் ஓட்டுகிறேன், இந்த இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். பதில் சொன்னவர்கள் யாரும் எடையைத் தொடவே இல்லையே, அதனால் சொல்கிறேன்.

241 கிலோவுக்கும் 230-ஐ ஒட்டிய எடைக்கும் உள்ள வேறுபாடு ஓடும்போது ஒன்றுமில்லை. நிற்கும்போதும், வண்டியைப் பின்னால் தள்ளும்போதும், சரிவான இடத்தில் நிறுத்தும்போதும்தான் அது கையில் இறங்கும். என் முதல் க்ரூஸரை (இந்த இரண்டும் இல்லை) வாங்கிய மூன்றாம் நாளே நின்ற இடத்தில் சாய்த்துவிட்டேன். இடது கால் வைத்த இடத்தில் சரளைக்கல். வேகம் பூஜ்யம்தான். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது, ஒதுங்கிக்கொள்வதுதான் வழி.

ஆகவே டெஸ்ட் ரைடு என்றால் நேர்ச்சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி யு டர்ன் போடுங்கள். அப்படித் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எவ்வளவு நீள்கிறது, தோள் எழும்புகிறதா என்று கவனியுங்கள். என் உயரத்துக்கு அங்கேதான் சிக்கல் வந்தது. அப்புறம், அன்றைக்கு நீங்கள் உண்மையில் போட்டுக்கொண்டு ஓட்டப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள்.

இருக்கை உயர எண்ணை மட்டும் நம்பவும் கூடாது, அண்ணா. அகலமான இருக்கை தொடையை வெளியே தள்ளும், அதில் சில சென்டிமீட்டர் போய்விடும். உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.


தொடுவானம்

எல்லோருக்கும் நன்றி. கார்முகில் சொன்ன ரிவர்ஸ் சோதனை என் யோசனையிலேயே இல்லை. இரண்டு ஷோரூமிலும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இடுப்பு பற்றி யாராவது சொல்ல முடியுமா? காலை முன்னால் நீட்டினால் இடுப்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்கிறார், கெட்டது என்று இன்னொருவர்.


பழையகிளட்ச்

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எத்தனை மணி நேரம், என்ன சாலை என்பதைப் பொறுத்தது.

சாதாரண வண்டியில் கால் நம் உடம்புக்குக் கீழே இருக்கிறது. பள்ளம் வரும்போது தெரியாமலே காலில் கொஞ்சம் எழும்பிக்கொள்கிறோம், முழங்கால் அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. க்ரூஸரில் கால் முன்னால் போய்விட்டதால் எழும்ப முடியாது. மொத்த உடம்பும் இருக்கையில், அதுவும் வால் எலும்பில். பள்ளத்தின் அடி அங்கே ஏறி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். சாலை நன்றாக இருந்தால் சோபாதான். மோசமாக இருந்தால் தப்பிக்க இடமே இல்லை.

அதனால் பி.எஸ். எண்ணைப் பார்ப்பதற்கு முன் பின்சக்கரம் எவ்வளவு மேலும் கீழும் அசையும் என்று பாருங்கள். வல்கனில் 80 மி.மீ., மீட்டியோரில் 101. இரண்டுமே குறைவுதான். இருக்கையைத் தாழ்த்தும்போது முதலில் பறிபோவது இந்த அசைவுதான், அது எந்தக் கம்பெனி வண்டியானாலும் அப்படியே. ஆனால் இருக்கிற குறைவிலும் 21 மி.மீ. என்பது கால்பங்குக்கு மேல். வல்கனில் முன்னால் 130, மீட்டியோரில் 120. அங்கே வல்கன் கொஞ்சம் மேல்.

ஃபுட்ரெஸ்ட்டை எவ்வளவு பின்னால் கொண்டுவர முடியுமோ அவ்வளவுக்கு இடுப்பு நேராகும், கொஞ்சமாவது காலில் ஊன்ற முடியும். இந்த இடத்தில் நெடுந்தூரன் சொன்ன மூன்று நிலை உண்மையான நன்மை. மாற்றினால் கியர் லீவரின் கம்பியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது.

ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா இருக்கையும் மெத்தைதான். இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். வேடிக்கை பார்ப்பார்கள், பார்த்துக்கொள்ளட்டும். பத்து வருடம் உட்காரப்போவது நீங்கள்.


நெடுந்தூரன்

பழையகிளட்ச் ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நான் பள்ளத்தைப் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) ஏழு நிலைகளில் மாற்றலாம், ஆள் ஏறும்போது கூட்டிக்கொள்வேன். அதனால் அசையும் தூரம் கூடாது, ஆனால் அடிமட்டம் வரை போய் இடிப்பது குறையும்.


புதுச்சாவி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹோண்டா ரெபெல் 500-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? 690 மி.மீ. இருக்கை, 190 கிலோவை ஒட்டிய எடை. கார்முகில் அக்கா சொன்ன பிரச்சினையெல்லாம் பாதியாகிவிடுமே?


கார்முகில்

தனியாக ஓட்டுபவருக்கு நானே முதலில் அதைத்தான் சொல்வேன், அருமையான வண்டி. ஆனால் டேங்க் 11.2 லிட்டர், பின்னால் இருக்கும் இருக்கை ஒரு சின்னத் திண்டு. இவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு 300 கி.மீ. போக நினைக்கிறார்.

இதைச் சொல்லும்போதுதான் தோன்றுகிறது. தொடுவானம் அண்ணா, "எப்போதாவது" என்று எழுதியிருந்தீர்களே, அது எவ்வளவு? போன வருடம் எத்தனை நாள் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறைக்கும் குறைவென்றால் உங்கள் உடம்புக்குப் பொருந்துவதை வாங்குங்கள், பின்னிருக்கையை நினைத்துக் குழம்ப வேண்டாம்.


வெண்சிறகு

நல்ல கேள்வி. கூடவே டேங்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: மீட்டியோர் 15.7 லிட்டர், வல்கன் 14. உங்கள் 300 கி.மீ.க்கு இரண்டும் போதும், அதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரேக்கும் அப்படியே. இரண்டிலும் முன்னால் ஒற்றை டிஸ்க். மீட்டியோரில் 320 மி.மீ., வல்கனில் 300. நீளமான, தாழ்ந்த வண்டியில் எடை பின்னால் தங்குவதால், பழைய வண்டியைவிடப் பின் பிரேக்கை அதிகம் நம்பலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள்.


தொடுவானம்

எண்ணினேன். பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது நாள்.

அதாவது மாதம் ஒன்றுகூட இல்லை. கார்முகில் சொன்ன கணக்குப்படி வல்கன்தான். ஃபுட்ரெஸ்ட் பின்னால், குட்டை இருக்கை, முடிந்தது. இன்று ராத்திரி வீட்டிலும் சொல்லிவிடுகிறேன்.


நெடுந்தூரன்

வரவேற்கிறேன்! முதல் ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.


தொடுவானம்

கொஞ்சம் பொறுங்கள். கதை மாறிவிட்டது.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன், "வருடத்துக்கு ஒன்பது நாள்தானே வருகிறாய், அதனால் இந்த வண்டி" என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒன்பது நாள்தான் வந்தேன் என்று எண்ணியிருக்கிறீர்கள். ஏன் ஒன்பது நாள்தான் வந்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இருக்கையில் என்னால் உட்கார முடியவில்லை. முழங்கால் மடங்கி மடங்கி வலிக்கிறது. பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கிளம்பும்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்."

பதினோரு வருடம். எனக்குத் தெரியவே தெரியாது. அவருக்குப் பயணம் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். அதுவரை முடிவில்லை.


கார்முகில்

அண்ணா, கேள்வியைத் தவறாகக் கேட்டது நான்தான். அக்காவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அவரும் இருபது நிமிடம் உட்காரட்டும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏறி இறங்குவதை ஐந்தாறு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு உட்காருவதைவிட ஏறுவதுதான் கஷ்டம்.


வெண்சிறகு

மீட்டியோரில் செலஸ்டியல் என்ற வகையைப் பாருங்கள். அகலமான பின்னிருக்கை, முதுகு சாய ஒரு திண்டு, முன்னால் காற்றுத்தடுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்ந்தே வரும். முதுகுத்திண்டு இருந்தால் வண்டி வேகம் எடுக்கும்போது பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போய்விடும். என் தங்கை அதற்குப் பிறகுதான் பின்னால் உட்கார்ந்து தூங்கவே ஆரம்பித்தாள், அதை இப்போது நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


இரட்டைச்சிலிண்டர்

வல்கனுக்கும் பெரிய பின்னிருக்கை, முதுகுத்திண்டு தனியாக வாங்கிப் போடலாம். அதையும் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டு பேர் எடை ஏறும்போது பழையகிளட்ச் சொன்ன 80, 101 கணக்கு இன்னும் பெரிதாகும். ஆள் ஏறியதும் ஷாக் அமுங்கி, மிச்சமிருக்கும் அசைவு குறைந்துவிடுகிறது.


தொடுவானம்

போய்வந்தோம். விவரமாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

வல்கன்: ஃபுட்ரெஸ்ட் நடுநிலையில்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில். காலால் பின்னால் தள்ளுவது எளிது. யு டர்ன் முதல் முயற்சியிலேயே வந்தது. மூன்றாவது கியரில் கொஞ்சம் திருகியதும் கிளம்பிய வேகத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெடுந்தூரன் ஏன் ஐந்து வருடமாக அதை விடவில்லை என்று புரிந்தது. தனி ஆளாக இருந்தால் அன்றே முன்பணம் கட்டியிருப்பேன். பின்னிருக்கையில் மனைவி பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டார். பெரிய இருக்கை அங்கே கையிருப்பில் இல்லை, போட்டுப் பார்க்க வழியும் இல்லை.

மீட்டியோர்: செலஸ்டியல் வகையே இருந்தது. எனக்குக் கால் கொஞ்சம் நீள்கிறது, முழங்கால் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. நின்றால் முன்பாதம் நன்றாகவும் குதிகால் லேசாகவும் படிகிறது. தள்ளும்போது எடை தெரிந்தது, சரிவில் ஒருமுறை மூச்சு வாங்கியது. யு டர்ன் மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. இடுப்பைப் பொறுத்தவரை இருபது நிமிடம் கழித்தும் ஒன்றும் தெரியவில்லை. மனைவி இருபது நிமிடம் தாண்டியும் இறங்கவில்லை. "இறங்கலாமா?" என்று கேட்டேன். "ஏன், யாராவது காத்திருக்கிறார்களா?" என்றார்.

பிறகு ஊழியரின் அனுமதியோடு இரண்டு பேரும் சேர்ந்து எட்டு கி.மீ. போனோம். நான் வேண்டுமென்றே உடைந்த சாலை ஒன்றில் திருப்பினேன். ஒரு பள்ளத்தில் நன்றாகவே அடித்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் என் தோளைப் பிடிக்கவில்லை. பழைய வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறுகப் பிடிப்பார். நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பயம்.

மீட்டியோருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். நிறத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.


நெடுந்தூரன்

என் வண்டி தோற்றதில் துளியும் வருத்தமில்லை, நண்பரே. ஒன்று மட்டும். இரண்டு பேர் எடையோடு 47 பி.எஸ். வண்டியில் நெடுஞ்சாலையில் தாண்டுவதற்கு ஒரு கியர் குறைத்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். வெறும் சாலையில் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பழகிவிட்டு, அப்புறம் லாரிப் பக்கம் போங்கள்.


தொடுவானம்

கட்டாயம் செய்கிறேன். இந்த அறிவுரையைச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் இல்லை.

கால் நீள்வதுதான் மிச்சமிருக்கும் ஒரே குறை. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தால் உட்காரும் இடத்தை முன்னால் நகர்த்திக்கொள்ள முடியுமா?


பழையகிளட்ச்

கொஞ்சம் முடியும். ஹேண்டில்பார் கிளாம்ப்பைத் தளர்த்தி பின்னோக்கிச் சுழற்றினாலே ஒரு விரல்கடை கிடைக்கும். முழுவதும் திருப்பும்போது கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா, டேங்கில் கை முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஆனால் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் எதையும் தொடாதீர்கள். உடம்பு தானாக ஒரு இடம் கண்டுபிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகும் தோள் வலித்தால் மாற்றுவோம்.

முதல் வாரம் காலியான மைதானத்தில் தனியாக எட்டு போட்டுப் பழகுங்கள். கிளட்ச் பாதிப் பிடியில், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை திரும்பப்போகும் பக்கம். முன் பிரேக்கைத் தொடவே கூடாது, திருப்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி உள்பக்கம் சரியும். அது கைவந்த பிறகு வீட்டம்மாவை ஏற்றுங்கள்.


தொடுவானம்

சரி ஐயா. வண்டி அடுத்த வியாழன் வருகிறது. மைதானத்துக்கு மனைவி தானும் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் நீண்ட பயணம் எங்கே என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார், என்னிடம் இன்னும் சொல்லவில்லை.